அரைத்த கல்லீரலில் எதைப் பார்க்கிறோம்?

கேள்வி இதுதான்: உயிர்வேதியியலின் பழைய ஆய்வுகளைப் புரட்டினால் எலியின் கல்லீரலும் சிறுநீரகமுமே திரும்பத் திரும்ப வருகின்றன. ஏன் இந்த இரண்டும்? உறுப்பை அரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, குழாயின் அடியில் தங்கியதை "மைட்டோகாண்ட்ரியா" என்றும் "மைக்ரோசோம்" என்றும் பெயரிட்டு அளக்கிறார்கள். உயிருள்ள செல்லுக்குள் இருந்ததும் அதுவும் ஒன்றுதான் என்று எப்படி நம்புவது?

இரண்டாவது பாதிக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்படியே நம்பக் கூடாது. குழாயின் அடியில் தங்குவது ஒரு படிவு. அதற்கு நாம் வைக்கும் பெயர் ஓர் ஊகம். அந்த ஊகத்தைச் சரிபார்க்கக் கணக்கு ஒன்று இருக்கிறது. கணக்கு எழுதப்பட்ட ஆய்வை நம்பலாம்; எழுதப்படாததை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

முதலில், ஏன் எலி? இங்கே எலி என்பது சுண்டெலி அல்ல, அதைவிடப் பெரிய ஆய்வக எலி. கால் கிலோ எடையுள்ள ஓர் எலியில் கல்லீரல் மட்டும் ஏறத்தாழ 10 கிராம் கிடைக்கும். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து 2 கிராம் அளவுக்கு வரும். ஒரே விலங்கிலிருந்து ஒரு நாள் வேலைக்குப் போதுமான பொருள் கிடைத்துவிடுகிறது. கல்லீரல் மிருதுவானது, நார்த்திசு குறைவு, கண்ணாடிக் குழாய்க்குள் உலக்கையை நாலைந்து முறை இறக்கி ஏற்றினாலே உடைந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம், அதன் கன அளவில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு ஒரே வகைச் செல்லான ஹெப்பட்டோசைட் என்பது. எண்ணிக்கையில் மற்றச் செல்களும் கணிசமாக உண்டு, ஆனால் அவை சிறியவை. எனவே கல்லீரலை அரைத்து அளக்கும்போது பெரும்பாலும் ஹெப்பட்டோசைட்டையே அளக்கிறோம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். இதயத்திலோ மூளையிலோ இந்தச் சலுகை கிடையாது.

சிறுநீரகத்திலும் கிடையாது. கிளாமருலஸ் என்ற வடிகட்டி, அதை அடுத்த அண்மைச் சுருள்குழல், பிறகு ஹென்லே வளைவு, சேகரிக்கும் குழல் என்று ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு செல்கள் இருக்கின்றன, அவற்றின் வேதியியலும் வெவ்வேறு. வெளிப்பக்கமுள்ள புறணி ஆக்சிஜனில் திளைப்பது, கொழுப்பு அமிலத்தை எரித்து வாழ்வது, குளுக்கோஸை உருவாக்கக்கூடியது. உள்ளே இருக்கும் அகணியின் ஆழமான பகுதியோ ஆக்சிஜன் குறைந்த இடம். அங்கே குளுக்கோஸை உடைத்தே காலம் தள்ள வேண்டும். முழுச் சிறுநீரகத்தையும் ஒன்றாக அரைத்துவிட்டு "சிறுநீரகத்தில் இந்த நொதி இவ்வளவு" என்று எழுதினால், அது எந்தச் செல்லுக்கும் பொருந்தாத ஒரு சராசரி. நல்ல வேளையாக, எலியின் சிறுநீரகத்தில் ஒரே ஒரு கூம்புதான் உண்டு. குறுக்கே வெட்டினால் புறணியும் அகணியும் கண்ணுக்கே நிற வேறுபாட்டோடு தெரியும். கூர்மையான கத்தியால் பிரித்துவிடலாம். இதைக்கூடச் செய்யாத ஆய்வுகளைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவதுண்டு.

செல்லை உடைத்து உள்ளே இருப்பதைப் பிரிக்கும் முயற்சி 1930களில் தொடங்கியது. 1934இல் பென்ஸ்லியும் ஹோயரும் கினிப் பன்றியின் கல்லீரலிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் ஆல்பர்ட் கிளாட் என்ற பெல்ஜிய ஆய்வாளர், கோழிக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ரௌஸ் வைரஸைப் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருந்தார். நோயுற்ற திசுவில் ஆர்.என்.ஏ. நிறைந்த நுண்துகள்கள் கிடைத்தன. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல திசுவைச் சுழற்றினார்; அதிலும் அதே மாதிரியான துகள்கள். வைரஸைத் தேடிப் போனவர் செல்லின் சொந்தப் பாகத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மைக்ரோசோம் என்று அவர் வைத்த பெயர் இன்றும் நிற்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு, செல்லுக்குள் மைக்ரோசோம் என்று ஒன்று மிதக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். செல்லுக்குள் இருப்பது எண்டோபிளாச வலை என்ற தொடர்ச்சியான சவ்வு வலை. அரைக்கும்போது அது கிழிந்து, கிழிந்த துண்டுகள் தாமாகவே மூடிக்கொண்டு சிறு குமிழிகளாகின்றன. அந்தக் குமிழிகள்தான் மைக்ரோசோம். நாம் செய்யாவிட்டால் அது இல்லை.

கிளாட் செய்த இன்னொரு காரியம் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. 1946இல் கல்லீரலைப் பகுதி பகுதியாகப் பிரித்தபோது, எந்தப் பகுதியையும் கழிவென்று கொட்டவில்லை. அரைத்த கூழில் மொத்தம் எவ்வளவு, ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு, கூட்டினால் மொத்தம் வருகிறதா என்று வரவு செலவுக் கணக்குப் போலவே எழுதினார். அதற்கு முன் இருந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய துகளைத் தூய்மையாக எடுத்துக்கொண்டு மற்றதைச் சாக்கடையில் விட்டார்கள். வேண்டிய நொதியில் பாதி அந்தச் சாக்கடைக்குள் போயிருந்தால் யாருக்குத் தெரியும்?

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திசுவைக் குளிர்ந்த 0.25 மோலார் சுக்ரோஸ் கரைசலில், ஒரு பங்கு திசுவுக்கு ஒன்பது பங்கு கரைசல் என்ற கணக்கில் அரைப்பார்கள். கண்ணாடிக் குழாயும் அதற்குள் நெருக்கமாகச் சுழலும் உலக்கையுமான அந்தக் கருவியை 1936இல் பாட்டரும் எல்விஜெமும் அறிமுகப்படுத்தினர். கூழைப் புவியீர்ப்பைப்போல் 600 மடங்கு விசையில் பத்து நிமிடம் சுழற்றினால் உட்கரு படியும். மேலே நிற்கும் நீரை எடுத்து 10,000 மடங்கு விசையில் சுழற்றினால் மைட்டோகாண்ட்ரியா படியும். அதன் மேல்நீரை 100,000 மடங்கு விசையில் ஒரு மணி நேரம் சுழற்றினால் மைக்ரோசோம் படியும். எதுவும் படியாமல் மேலே நிற்பது செல்லின் கரைந்த பகுதி, அதாவது சைட்டோசால். "நிமிடத்துக்கு இத்தனை சுற்று" என்று மட்டும் எழுதி, சுழலியின் ஆரத்தைச் சொல்லாமல் விட்ட கட்டுரைகளை நீங்கள் பார்ப்பீர்கள். அந்த எண்ணை வைத்து வேறு கருவியில் அதே விசையை உண்டாக்க முடியாது.

ஏன் சுக்ரோஸ்? உப்புக் கரைசலில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். 1948இல் ஹோக்பூம், ஷ்னைடர், பலாடே மூவரும் அடர்த்தியான 0.88 மோலார் சுக்ரோஸில் எலிக் கல்லீரலை அரைத்தபோது மைட்டோகாண்ட்ரியா செல்லுக்குள் இருந்த அதே குச்சி வடிவத்தோடு வெளியே வந்தன. அதே ஆண்டில் ஷ்னைடர் 0.25 மோலாருக்கு மாறினார். இதில் மைட்டோகாண்ட்ரியா உருண்டையாகிவிடும். ஆனால் நொதிகள் நன்றாக வேலை செய்யும், சுழற்றுவதும் எளிது. அழகா, வேலையா என்று வந்தபோது வேதியியலாளர்கள் வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். மறு ஆண்டே கென்னடியும் லேனிஞ்சரும் எலிக் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவில்தான் கொழுப்பு அமில எரிப்பும் சிட்ரிக் அமில சுழற்சியும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யின் உற்பத்தியும் ஒன்றாக நடக்கின்றன என்று காட்டினர். நல்ல பிரிப்பு முறை வந்த ஓராண்டில் இது நடந்தது.

இனி கணக்குக்கு வருவோம். கூழில் ஒரு நொதியின் செயல்பாடு 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். உட்கருப் பகுதியில் 12, மைட்டோகாண்ட்ரியா படிவை இரண்டாகப் பிரித்து அளந்ததில் கனமான பகுதியில் 60, இலேசான பகுதியில் 15, மைக்ரோசோமில் 5, மேல்நீரில் 3 கிடைத்தால் கூட்டுத்தொகை 95. நல்லது, இந்த நொதி மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்ந்தது என்று சொல்லலாம். உட்கருப் பகுதியில் தெரியும் 12 பெரும்பாலும் உடையாத செல்களிலிருந்து வந்திருக்கும். கூட்டுத்தொகை 40 மட்டுமே வந்தால்? நொதி வழியிலேயே கெட்டுப்போயிருக்கலாம். அல்லது அது வேலை செய்ய இரண்டு பகுதிகளில் உள்ள பொருள்கள் சேர வேண்டியிருக்கலாம். 180 வந்தால் இன்னும் சுவையானது: கூழில் எதோ அதைத் தடுத்துக்கொண்டிருந்தது, பிரித்ததும் தடை விலகிவிட்டது. இந்த எண்களை எடுத்துக்காட்டுக்காகத்தான் சொன்னேன். ஆனால் 100க்கு மேல் வருவதைப் பிழையென்று தள்ளாமல் உட்கார்ந்து யோசித்ததால்தான் ஒரு புதிய நுண்ணுறுப்பே கண்டுபிடிக்கப்பட்டது.

அந்தக் கதையை விரிவாகவே சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் லூவெய்ன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் கல்லீரலில் இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கவனம் முழுவதும் குளுக்கோஸ்-6-பாஸ்ஃபட்டேஸ் என்ற நொதியின் மேல்தான். ஒப்பீட்டுக்காக, தனக்கு ஆர்வமே இல்லாத அமில பாஸ்ஃபட்டேஸையும் கூடவே அளந்தார். 1949இல், மென்மையாக அரைத்த கூழில் இந்த அமில பாஸ்ஃபட்டேஸ் எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் தெரிந்தது. ஏதோ தவறு என்று குழாய்களைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார்கள். ஐந்து நாள் கழித்து மீண்டும் அளந்தபோது முழுச் செயல்பாடும் வந்துவிட்டிருந்தது. புதிய நொதி எதுவும் அங்கே உருவாகவில்லை. நொதி ஒரு பைக்குள் அடைபட்டுக் கிடந்தது. நொதி வேலை செய்ய வேண்டிய தளப்பொருள் உள்ளே நுழைய முடியவில்லை. ஐந்து நாளில் பையின் சவ்வு தளர்ந்து கிழிந்தது. டிடர்ஜென்ட் சேர்த்தாலும், உறையவைத்து உருக்கினாலும், வேகமான அரைப்பானில் அடித்தாலும் இதே விளைவு.

1955இல் அவர் குழு மைட்டோகாண்ட்ரியா பகுதியைக் கனமானது, இலேசானது என்று இரண்டாகப் பிரித்தது. அமில பாஸ்ஃபட்டேஸ், ரைபோநியூக்ளியேஸ், டிஆக்சிரைபோநியூக்ளியேஸ், கத்தெப்சின், பீட்டா குளுக்யூரோனிடேஸ் ஆகிய ஐந்தும் இலேசான பகுதியில் கூடின. ஐந்துமே அமிலச் சூழலில் எதையாவது சிதைப்பவை, ஐந்துமே ஒளிந்திருப்பவை. லைசோசோம் என்று பெயர் வைத்தார்கள். யாரும் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கணக்கு அதைக் கண்டுவிட்டது. அலெக்ஸ் நோவிகாஃப் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் உருவத்தைக் காட்டியது அடுத்ததாக நடந்தது.

ஆனால் இதே பகுதியில் யூரேட் ஆக்சிடேஸ் என்ற நொதியும் வந்து உட்கார்ந்திருந்தது. அது அந்த ஐந்தைப்போல் அமிலச் சூழலில் வேலை செய்யும் நொதி அல்ல. டிடர்ஜென்டால் அதன் செயல்பாடு அப்படி உயரவுமில்லை. ஒரே குழாயில் படிந்ததால் மட்டும் ஒரே துகள் என்று ஆகிவிடுமா? இங்கேதான் சிறுநீரகம் உள்ளே வருகிறது. 1954இலேயே யோஹானஸ் ரோடின் சுண்டெலியின் சிறுநீரகக் குழல் செல்களில் ஒற்றைச் சவ்வு கொண்ட சிறு உருண்டைகளை நுண்ணோக்கியில் பார்த்து மைக்ரோபாடி என்று பெயரிட்டிருந்தார். பிறகு எலிக் கல்லீரலிலும் அவை தெரிந்தன. ஆனால் அவை என்ன செய்கின்றன என்று யாருக்கும் தெரியாது. லூவெய்ன் குழு துகள்களைச் சுக்ரோஸின் அடர்த்திப் படிநிலையில் மிதக்கவிட்டது. மைட்டோகாண்ட்ரியா 1.19 அடர்த்தியில் நிற்கும், லைசோசோம் 1.21 அருகில், யூரேட் ஆக்சிடேஸும் கேட்டலேஸும் டி-அமினோ அமில ஆக்சிடேஸும் 1.23க்கும் 1.25க்கும் இடையில். லைசோசோமும் மூன்றாவது துகளும் இன்னும் மிக அருகருகே. அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். அரைப்பதற்குச் சில நாள் முன்பு எலிக்கு ட்ரைட்டான் டபிள்யூ.ஆர்.-1339 என்ற பொருளை ஊசி மூலம் செலுத்தினார்கள். லைசோசோம் அதை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. உப்பி, இலேசாகி, படிநிலையின் மேற்பகுதிக்குப் போய்விடும். மற்ற எதுவும் நகராது. லைசோசோமின் பசியையே அதற்கு எதிராகத் திருப்பிய இந்தச் செய்முறை என்னை இன்னும் வியக்க வைக்கிறது. கீழே மிஞ்சிய துகள்தான் மைக்ரோபாடி. ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும் நொதிகளும் அதை அழிக்கும் கேட்டலேஸும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் 1960களின் நடுவில் பெராக்சிசோம் என்ற பெயர் கிடைத்தது. கிளாட், டி டூவ், பலாடே மூவருக்கும் 1974இல் நோபல் பரிசு.

இந்த நுண்ணுறுப்பு வெறும் எலியின் வினோதம் அல்ல என்பது 1973இல் தெரிந்தது. மூளை, கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் தாக்கிக் குழந்தைகளைச் சிறு வயதிலேயே கொல்லும் ஸெல்வெகர் நோயில், கல்லீரல் செல்லிலும் சிறுநீரகக் குழல் செல்லிலும் பெராக்சிசோம்களே காணப்படவில்லை என்று கோல்ட்ஃபிஷர் குழு வெளியிட்டது. 1976இல் லாசரோவும் டி டூவும் எலிக் கல்லீரல் பெராக்சிசோமுக்குள்ளும் கொழுப்பு அமிலம் உடைக்கப்படுகிறது என்று காட்டினார்கள். 1949இல் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எழுதிக்கொடுத்த வேலைக்கு இன்னொரு பங்காளி இருப்பது இருபத்தேழு ஆண்டு கழித்துத் தெரிகிறது.

இங்கே ஒரு நுணுக்கம். எலியின் கல்லீரல் பெராக்சிசோமில் யூரேட் ஆக்சிடேஸ் படிகம் போன்ற ஒரு கருவாக இருக்கும். அதே எலியின் சிறுநீரகப் பெராக்சிசோமில் அந்த நொதி இல்லை. மனிதனுக்கோ எந்த உறுப்பிலும் இல்லை. அதனால்தான் நம் இரத்தத்தில் யூரிக் அமிலம் தங்குகிறது, சிலருக்குக் கீல்வாதமும் வருகிறது. ஆகவே யூரேட் ஆக்சிடேஸை "பெராக்சிசோமின் அடையாள நொதி", அதாவது அது இருந்தால் பெராக்சிசோம் இருக்கிறது என்று காட்டும் நொதி, என்று ஒரு பட்டியலில் படித்துவிட்டு, சிறுநீரகக் கூழில் அதைத் தேடினால் பெராக்சிசோமே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். அடையாள நொதி என்பது உறுப்புக்கு உறுப்பு, இனத்துக்கு இனம் மாறும்.

மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித்தான். பாடநூல் படத்தில் எல்லா மைட்டோகாண்ட்ரியாவும் ஒரே அச்சு. எலிக் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதிப் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஒரு நொதி: கார்பமாயில் பாஸ்ஃபேட் சிந்தட்டேஸ், யூரியா தயாரிப்பின் முதல் படி. சிறுநீரக மைட்டோகாண்ட்ரியாவில் அதைக் காண்பது அரிது. அங்கே குளுட்டமினேஸ் ஆட்சி செய்கிறது. உடலில் அமிலம் கூடும்போது குளுட்டமினிலிருந்து அம்மோனியாவைப் பிரித்துச் சிறுநீரில் தள்ளுவது அதன் வேலை. கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாகக் கட்டுகிறது. சிறுநீரகம் அம்மோனியாவையே அமிலத்தைச் சுமக்கும் வண்டியாகப் பயன்படுத்துகிறது. இரண்டு உறுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்வதன் பயன் இதுதான். ஒன்றை மட்டும் பார்த்தால் "மைட்டோகாண்ட்ரியா இப்படி" என்று பொதுவிதி எழுதிவிடுவோம்.

இன்னும் சொன்னால், சில வேலைகளில் இவை இரண்டும் ஒரே தயாரிப்பு வரிசையின் இரண்டு நிலையங்கள். தசைக்கு வேண்டிய கிரியேட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். எலியில் முதல் படி பெரும்பாலும் சிறுநீரக மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது. அங்கே உருவாகும் குவானிடினோ அசிட்டேட் இரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்கு வந்து, அதன் சைட்டோசாலில் மெத்தில் தொகுதியைப் பெற்றுக் கிரியேட்டின் ஆகிறது. வைட்டமின் டி எதிர்த் திசையில் போகிறது: முதல் ஹைட்ராக்சில் கல்லீரலில், இரண்டாவது சிறுநீரக மைட்டோகாண்ட்ரியாவில். காட்மியம் போன்ற நச்சும் இந்தப் பாதையையே பிடித்துக்கொள்கிறது. கல்லீரல் அதை மெட்டலோதயோனின் என்ற சிறு புரதத்தில் கட்டிவைக்கிறது. அந்தக் கட்டு இரத்தத்தில் கசிந்தால் சிறுநீரகக் குழல் செல் அதை உள்ளிழுக்கிறது. லைசோசோம் புரதத்தைச் செரித்ததும் காட்மியம் விடுதலையாகி அந்தச் செல்லையே கெடுக்கிறது. கல்லீரல் செய்த பாதுகாப்பு ஏற்பாடு சிறுநீரகத்துக்கு வினையாகிறது.

கல்லீரல் மைக்ரோசோமைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மருந்துகளை உருமாற்றும் சைட்டோகுரோம் பி-450 அங்கேதான் பெருமளவில் இருக்கிறது. 450 என்பது அது கார்பன் மோனாக்சைடோடு சேரும்போது ஒளியை உறிஞ்சும் அலைநீளம், நானோமீட்டரில். 1960களின் தொடக்கத்தில் ஒமுராவும் சாட்டோவும் அது ஒரு ஹீம் புரதம், அதாவது இரும்பு கொண்ட ஹீம் தொகுதியுள்ள புரதம், என்று நிறுவினர். எலிக்குச் சில நாள் ஃபீனோபார்பிட்டால் கொடுத்தால் கல்லீரலின் வழவழப்பான எண்டோபிளாச வலை பெருகும், பி-450யும் பெருகும், கல்லீரலே கனக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கல்லீரல் முழுவதுமே பருத்துவிட்டதால், ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு அளந்தால் பல நொதிகள் மாறாததுபோலவோ குறைந்ததுபோலவோ தெரியும். முழு உறுப்புக்குக் கணக்கிட்டால் கூடியிருக்கும். எந்த அலகில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் "குறைந்தது", "கூடியது" என்ற சொற்களை நம்பாதீர்கள்.

இப்போது அதிகம் வெளிவரும் வகை ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் கேள்வி கேட்பவர்களில் பலர் அதைத்தான் படித்துவிட்டு வருகிறார்கள். எலிக்கு ஒரு நச்சைக் கொடுப்பார்கள். சில எலிகளுக்குக் கூடவே ஒரு தாவரச் சாறு. பிறகு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அரைத்து, ஆக்சிஜனால் வரும் சேதத்திலிருந்து செல்லைக் காக்கும் கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதிகள், அதே வேலை செய்யும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு, கொழுப்புச் சிதைவை அளக்கும் டி.பி.ஏ. சோதனை ஆகியவற்றின் அட்டவணை வரும். தவறான முயற்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அட்டவணைக்குள் பதுங்கியிருக்கும் சில குழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது இரத்தம். சிவப்பணுவில் கேட்டலேஸ் ஏராளம். உறுப்பைக் குளிர்ந்த உப்புநீரால் இரத்தக் குழாய் வழியாகக் கழுவாமல் அரைத்தால், நீங்கள் அளக்கும் கேட்டலேஸில் ஒரு பகுதி கல்லீரலுடையதே அல்ல. நச்சினால் உறுப்பில் இரத்தம் தேங்கியிருந்தால் கேட்டலேஸ் "கூடியதாக"க்கூடத் தோன்றும். நான் ஆய்வு பழகிய புதிதில் சரியாகக் கழுவாத ஒரு சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு, மேல்நீரில் இவ்வளவு கேட்டலேஸா என்று இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். மேல்நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. கண் எதிரிலேயே விடை இருந்தும் பார்க்கவில்லை.

இரண்டாவது குளுட்டாதயோன். இதில் சிறுநீரகம் கல்லீரலைப்போல் பொறுமையானதல்ல. எலிச் சிறுநீரகத்தின் குழல் செல்லில், சிறுநீர் ஓடும் பக்கத்தில் தூரிகை போன்ற விளிம்பு ஒன்று உண்டு. அதன் சவ்வில் காமா குளுட்டமைல் டிரான்ஸ்ஃபரேஸ் மிக அடர்த்தியாக இருக்கிறது. முதிர்ந்த எலியின் கல்லீரலில் அது சொற்பம். குளுட்டாதயோனை உடைப்பதுதான் அதன் தொழில். உயிருள்ள செல்லில் குளுட்டாதயோன் உள்ளேயும் நொதியின் செயல் முனை வெளியேயும் இருப்பதால் சிக்கலில்லை. அரைத்த கணமே இரண்டும் சந்தித்துவிடுகின்றன. அமிலத்தில் உடனே போட்டு நொதியைக் கொல்லாமல், கூழைப் பனிக்கட்டியின் மேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால், நச்சு எதுவும் கொடுக்காத எலியிலும் சிறுநீரகக் குளுட்டாதயோன் குறைந்துதான் தெரியும்.

மூன்றாவது பட்டினி. பழைய ஆய்வுகளில் எலியை இரவு முழுவதும் பட்டினி போட்டிருப்பார்கள். காரணம் எளிது: உண்ட எலியின் கல்லீரலில் கிளைகோஜன் நிறைந்திருக்கும், அது மைக்ரோசோமோடு சேர்ந்து படிந்து தொல்லை கொடுக்கும். ஆனால் அந்தப் பட்டினியே குளுக்கோஸைப் பயன்படுத்தும் குளுக்கோகைனேஸ் நொதியைக் குறைக்கும், குளுக்கோஸைத் தயாரிக்கும் நொதிகளைக் கூட்டும். பட்டினி போட்ட ஆய்வையும் போடாத ஆய்வையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸில் செம்பும் துத்தநாகமும் கொண்ட வடிவம் பெரும்பாலும் சைட்டோசாலில் இருக்கும். மாங்கனீசு வடிவம் மைட்டோகாண்ட்ரியாவில். சயனைடு முதலாவதை முடக்கும், இரண்டாவதை விட்டுவிடும். இந்த எளிய சோதனைகூட இல்லாமல், முழுக் கூழில் ஒரே எண்ணை அளந்துவிட்டு "மைட்டோகாண்ட்ரியா பாதிக்கப்பட்டது" என்று முடிவுரை எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. டி.பி.ஏ. சோதனையும் கொழுப்புச் சிதைவில் உண்டாகும் மலோன்டைஆல்டிஹைடை மட்டும் அளப்பதில்லை. வேறு பல பொருள்களும் அந்த இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கும்.

எலியில் கண்டதை மனிதனுக்கு எவ்வளவு தூரம் நீட்டலாம்? இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஆல்ஃபா-2-யு குளோபுலின். ஆண் எலியின் கல்லீரல் இந்தச் சிறு புரதத்தை ஏராளமாகத் தயாரிக்கிறது. அது கிளாமருலஸில் வடிந்து, குழல் செல்லால் மீண்டும் உள்ளிழுக்கப்பட்டு, லைசோசோமில் செரிக்கப்படுகிறது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் உள்ள லிமோனீன் போன்ற சில பொருள்களின் சிதைவுப் பொருள் இந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் லைசோசோமால் அதை எளிதில் செரிக்க முடிவதில்லை. செல்லுக்குள் துளித் துளியாகத் தேங்கும்; செல் சாகும்; அந்த இடத்தை நிரப்பப் புதிய செல்கள் பிரியும்; நீண்ட காலத்தில் கட்டி வரும். பெண் எலிக்கு வராது, ஏனென்றால் அதன் கல்லீரல் இந்தப் புரதத்தை அந்த அளவில் செய்வதில்லை. மனிதக் கல்லீரலும் செய்வதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1991இல், இந்த வழியில் மட்டும் வரும் ஆண் எலிச் சிறுநீரகக் கட்டியை மனித ஆபத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று ஏற்றது. ஒரு பொருளை நஞ்சென்று முத்திரை குத்துவதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை, கல்லீரலில் உருவாகிச் சிறுநீரக லைசோசோமில் சிக்கிக்கொண்ட ஒரு புரதத்தில் இருந்தது.

கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட்டும் இதே வரிசை. எலிக் கல்லீரலில் பெராக்சிசோம்களை அது வெகுவாகப் பெருக்கும்; மனிதக் கல்லீரலில் அப்படிப் பெருக்குவதில்லை. எதிர்ப்பக்கம், குளுக்கோஸ் தயாரிப்பில் முக்கியமான பி.இ.பி. கார்பாக்சிகைனேஸ் எலிக் கல்லீரலில் அநேகமாக முழுவதும் சைட்டோசாலில் இருக்கிறது. மனிதக் கல்லீரலில் மைட்டோகாண்ட்ரியாவிலும் கணிசமாக உண்டு. வினை ஒன்றுதான், அது நடக்கும் அறை வேறு. முழுக் கூழை மட்டும் அளந்தவருக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் தெரியாது.

உங்கள் கையில் இருக்கும் ஆய்வைச் சோதிக்க நினைத்தால், முடிவுரையை விட்டுவிட்டுச் செய்முறைப் பகுதியைத் திறங்கள். உறுப்பைக் கழுவினார்களா, புறணியைப் பிரித்தார்களா, சுழற்சியை விசையில் சொல்கிறார்களா, படிவு ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு அடையாள நொதிகளை அளந்தார்களா என்று பாருங்கள். ஒன்று அங்கே இருக்க வேண்டியது, மற்றொன்று இருக்கக் கூடாதது. மைட்டோகாண்ட்ரியா என்று சொன்னால் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதோடு, லைசோசோமைக் காட்டும் அமில பாஸ்ஃபட்டேஸும் மைக்ரோசோமைக் காட்டும் குளுக்கோஸ்-6-பாஸ்ஃபட்டேஸும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்றும் சொல்லியிருக்க வேண்டும். பிறகு அட்டவணையின் கடைசிப் பத்திக்குப் போங்கள். பகுதிகளைக் கூட்டிய மொத்தம் அங்கே இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். இல்லையென்றால், "மைட்டோகாண்ட்ரியா" என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் "10,000 மடங்கு விசையில் படிந்தது" என்று மாற்றிப் படித்துப் பாருங்கள்.